மேசைகளுக்கு நடுவே ஓடிய ரயில்

என் தம்பி மகள் ரயில்வேயில் சமிக்ஞைப் பிரிவுப் பொறியாளர். நகத்தளவுச் சில்லுக்குள் உத்தரவுகளை எழுதி அடைப்பது அவள் வேலை. அதற்கு ஃபர்ம்வேர் என்று பெயராம். போன தீபாவளிக்கு வந்தவள், முறுக்கைக் கடித்துக்கொண்டே தன் குறையைச் சொன்னாள்.

“பெரியப்பா, எங்க லேப்ல எல்லாம் சரியா ஓடுது. லைன்ல கொண்டு போய் வச்சா மட்டும் கிறுக்குப் பிடிக்குது. உங்க காலத்துல இப்படி ஆனா என்ன செய்வீங்க?”

“எங்களுக்கு லேப்லயே கிறுக்குப் பிடிச்சிருந்துச்சு” என்றேன்.

வேடிக்கைக்குச் சொன்னேன் என்று நினைத்து அவள் சிரித்தாள். பிறகு முழுவதையும் கேட்டுவிட்டு, தன் அலுவலகத்துச் சிநேகிதர்களும் படிக்க வேண்டும், எழுதிக் கொடுங்கள் என்று நச்சரித்தாள். எழுபத்தைந்தைத் தாண்டிய ஆள் வேறு என்ன செய்வது? எழுதுகிறேன்.

நான் வேலை கற்றுக்கொண்ட கதையில் விசேஷம் ஒன்றுமில்லை. தொழிற்கல்வி வகுப்பில் ஈயம் பற்றவைக்கப் பழகினேன். கைகளைச் சுட்டுக்கொண்டேன். சுடாமல் பற்றவைக்க வந்ததும் வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். வேலை கிடைத்த இடம்தான் விசேஷம். மலாக்காவில், காஜா பேராங் சாலையை ஒட்டிய ஒரு கொட்டகையில் என்னை ரயில்வே ஊழியனாக நியமித்தார்கள். அந்த ஊரில் அப்போது ரயில் இல்லை.

முன்பு இருந்தது. ஜப்பான்காரன் காலத்தில் தம்பினிலிருந்து மலாக்கா வரை தண்டவாளத்தைப் பெயர்த்துச் சயாமுக்குக் கொண்டுபோனான். கூடவே எங்கள் ஆட்களையும் கொண்டுபோனான். தண்டவாளம் திரும்பி வரவில்லை. ஆட்களிலும் பலர் வரவில்லை. கொட்டகையைப் பெயர்க்க யாருக்கும் தோன்றாததால் அது மட்டும் நின்றது. கொட்டகை இருக்கிறதே, எதற்காவது பயன்படுத்துவோம் என்று மேலிடம் அதைச் சமிக்ஞைக் கருவிகள் பழுதுபார்க்கும் இடமாக ஆக்கியது. கெட்டுப்போன கருவிகள் தம்பினில் ரயிலிலிருந்து இறங்கி, லாரியில் ஏறி எங்களிடம் வரும். நாங்கள் சரிசெய்து லாரியில் ஏற்றி அனுப்புவோம். “ரயில்வேயில வேலைன்னு சொல்றான், ரயிலையே காணோமே” என்று எனக்குப் பெண் கொடுக்க வந்தவர்கள் திரும்பிப் போனதும் உண்டு.

கொட்டகையில் நாங்கள் மூன்று பேர். நான் இளநிலைத் தொழில்நுட்பன். செமாபோக்கிலிருந்து சைக்கிளில் வரும் மாரிமுத்து ஃபிட்டர். எங்கள் இருவருக்கும் மேலதிகாரி அம்பலவாணர்.

அம்பலவாணர் யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைக் காற்சட்டை, வெள்ளைச் சட்டை, கழுத்துவரை பொத்தான். யாரையும் ‘நீர்’ என்றுதான் கூப்பிடுவார். குரலை உயர்த்த மாட்டார். உயர்த்த வேண்டிய இடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அவர் கண்ணாடியைத் தொட்டால் மாரிமுத்து மெல்லப் பின்பக்கம் நழுவிவிடுவான்.

எங்களிடம் வரும் கருவிகளில் முக்கியமானது டோக்கன் பெட்டி. ஒற்றைத் தண்டவாளத்தில் இரண்டு ரயில்கள் எதிரெதிரே வந்துவிடக் கூடாது அல்லவா? அதற்காக அடுத்தடுத்த இரண்டு ஸ்டேஷன்களில் தலா ஓர் இரும்புப் பெட்டி இருக்கும். உள்ளே டோக்கன் எனப்படும் கனத்த பித்தளைச் சாவிகள். ஓட்டுநர் கையில் டோக்கன் இருந்தால்தான் ரயில் அடுத்த ஸ்டேஷனை நோக்கிப் புறப்படலாம். டோக்கன் வேண்டுமென்றால் ஸ்டேஷன் மாஸ்டர் மணியடித்து அடுத்த ஸ்டேஷனைக் கேட்க வேண்டும். அங்கிருப்பவர் பதில் மணி அடித்து ஒரு பொத்தானை அழுத்திப் பிடிப்பார். கம்பி வழியே மின்சாரம் வரும், ஊசி சாயும், பூட்டு விடும், ஒரு டோக்கன் கையோடு வரும். அது வெளியே இருக்கும்வரை இரண்டு பெட்டிகளில் எதிலிருந்தும் இன்னொரு டோக்கன் வராது. தம்பி மகள் சில்லுக்குள் எழுதுவதை எங்கள் காலத்தில் பித்தளையிலும் சுருள் கம்பியிலும் செய்து வைத்திருந்தார்கள்.

இந்தப் பெட்டிகளைச் சோதிக்கக் கொட்டகையின் கிழக்குக் கோடியில் ஒரு மேசை, மேற்குக் கோடியில் ஒரு மேசை. மேசைக்கு ஒரு பெட்டி. நடுவில் வெறும் சிமெண்ட் தரை. மற்ற இடங்களில் இரண்டு பெட்டிகளையும் பக்கத்தில் வைத்து இரண்டு கம்பியால் இணைத்துச் சோதித்துவிடுவார்கள். அம்பலவாணர் அதற்கு ஒப்பவில்லை. உண்மையான லைனில் ஒரே கம்பிதான் போகும். மின்சாரம் திரும்பி வருவது மண் வழியாக. ஆகவே எங்களுக்கும் ஒரே கம்பி. கொட்டகைக்கு முன்னால் ஒரு குழி, பின்னால் ஒரு குழி, இரண்டிலும் செப்புத் தகடு புதைத்து மண்ணையே மறுகம்பியாக்கியிருந்தார். அதுகூடப் பரவாயில்லை. இரண்டு மேசைகளுக்கும் நடுவிலிருந்த தரையை அவர் ரயில் பாதை என்று அறிவித்திருந்தார்.

அதாவது, டோக்கன் இல்லாமல் யாரும் அந்தத் தரையைக் கடக்கக் கூடாது.

நான் வேலைக்குச் சேர்ந்த அன்று இது தெரியாமல் மேற்கு மேசையில் இருந்த குறடை எடுக்க நடந்தேன். அம்பலவாணர் கண்ணாடியைக் கழற்றினார்.

“எங்க போறீர்?”

“குறடு எடுக்க, சார்.”

“டோக்கன் இருக்கோ?”

விழித்தேன். எதிர் மேசையிலிருந்து மாரிமுத்து, “திரும்பிப் போ லா, மணி அடி, நான் குடுக்கறேன்” என்று ரகசியமாகச் சொன்னான். போனேன். மணி அடித்தேன். பதில் மணி வந்தது. ஊசி சாய்ந்தது. டோக்கனை உருவிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து, மேற்குப் பெட்டியில் போட்டுவிட்டுக் குறடை எடுத்தேன். திரும்பி வர மறுபடி மணி.

தேநீர் அடுப்பும் கழிப்பறையும் மேற்கே இருந்தன. முன்வாசல் கிழக்கே. இதன் விளைவுகளை விளக்க வேண்டியதில்லை. “என்னா சார் இது, ஒண்ணுக்குப் போவக்கூட லைன் கிளியரா?” என்று மாரிமுத்து ஒருமுறை நேராகவே கேட்டுவிட்டான்.

“ஓம்” என்றார் அம்பலவாணர்.

“இது வெறும் மேசை தான சார்?”

“உமக்குத் தெரியும் மேசை எண்டு. எனக்குத் தெரியும். டோக்கனுக்குத் தெரியாது காணும்.”

டோக்கன் இல்லாதவர்களுக்கு ஒரே மாற்று வழி வெளியே போய்க் கொட்டகையைச் சுற்றி வருவது. சுற்றுப் பாதையில் பக்கத்து வீட்டு வாத்துகள் இருந்தன. பெருவாத்துகள். கழுத்தை நீட்டிக்கொண்டு துரத்தும். ஒருநாள் மாரிமுத்து டோக்கனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டே செமாபோக்குக்குப் போய்விட்டான். மறுநாள் அவன் மைத்துனி கல்யாணம், விடுப்பு. டோக்கன் வெளியே இருப்பதால் இரண்டு பெட்டிகளும் பூட்டியபடி கிடந்தன. தரையைக் கடக்க வழியில்லை. மேலதிகாரிதானே, தன் விதியைத் தானே தளர்த்திக்கொள்வார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அம்பலவாணர் எழுந்தார். குடையை எடுத்தார். வெளியே போனார். வாத்துகளின் கூச்சலும் ‘சூ, சூ’ என்ற அவருடைய கௌரவமான குரலும் கேட்டன. சற்று நேரத்தில் மேற்கே இருந்த பின்வாசல் வழியே வந்து, முழங்காலில் சேற்றோடு, தேநீர் போட்டுக் குடித்தார். குடித்துவிட்டு அதே வழியில் திரும்பி வந்தார். அதற்குப் பிறகு நான் அந்த விதியைப் பற்றி முணுமுணுக்கவில்லை.

இப்படி நாங்கள் இருந்தபோதுதான், சுதந்திரத்துக்கு நாள் குறித்து ஊரெங்கும் தோரணம் கட்டத் தொடங்கிய சமயத்தில், அந்தப் பெட்டி வந்தது.

தெற்கே ஒரு சிறு ஸ்டேஷனிலிருந்து வைக்கோலில் பொதிந்து வந்தது. கூடவே வந்த கதை இது: அந்த ஸ்டேஷனிலிருந்து ஒரு சரக்கு ரயில் டோக்கனோடு புறப்பட்டது. அடுத்த ஸ்டேஷனிலிருந்து ஒரு பயணிகள் ரயிலும் டோக்கனோடு புறப்பட்டது. ஒரே பாதை. எதிரெதிரே. நல்லவேளை, பட்டப்பகல், நேரான பாதை. இரண்டு ஓட்டுநர்களும் பார்த்துவிட்டார்கள். எஞ்சின்கள் ஒன்றன்மேல் ஒன்று புகைவிடும் தூரத்தில் வந்து நின்றன. இருவரும் திட்டுவதற்காகக் கீழே இறங்கினார்கள். ஒருவர் தன் டோக்கனைத் தூக்கிக் காட்டினார். மற்றவரும் தன் டோக்கனைத் தூக்கிக் காட்டினார். பிறகு இருவருக்கும் திட்ட வார்த்தை வரவில்லையாம். தண்டவாளத்தில் உட்கார்ந்துவிட்டார்களாம்.

நடக்கவே முடியாத காரியம். நடக்க முடியாதது நடந்தால் மேலிடம் மனிதனைப் பிடிக்கும். சிறு ஸ்டேஷன் மாஸ்டர் பெட்டியை எதையோ செய்து திறந்திருக்கிறார் என்று முடிவுகட்டி அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். பெட்டி பழுதில்லாதது என்று நாங்கள் ஒரு வரி எழுதினால் போதும். வேலைநீக்கம், அதற்குமேல் வழக்கு.

அந்த ஸ்டேஷன் மாஸ்டர் மாணிக்கம் நாயக்கர் எங்கள் சாலைக்காரரே. காஜா பேராங்கில், பல தலைமுறைக்கு முன் குடியேறிய மலாக்காச் செட்டிகளின் கிராமமான கம்பத்தில் பிறந்தவர். பெயர் தமிழ், சாமி நம் சாமி, நெற்றியில் திருநீறு. பேச்சு மட்டும் அவர்களுடைய மலாய். நிறுத்தி வைத்ததும் வீட்டுக்கு வந்துவிட்டார். பெட்டி எங்களிடம் வந்தது தெரிந்து தினமும் காலையில் கொட்டகை வேலிக்கு வெளியே ஜம்பு மரத்தடியில் வந்து நிற்பார். குற்றம் சாட்டப்பட்டவர் உள்ளே வரக் கூடாது. அம்பலவாணர் வேலிவரை போய், தன்னுடைய புத்தக மலாயில் விசாரித்தார்.

மாணிக்கம் மூன்றே வாக்கியம் சொன்னார். “லோச்செங் பூஞி. ஜாரும் கெராக். குவா தாரிக்.”

மணி அடித்தது. ஊசி அசைந்தது. இழுத்தேன்.

வேறு எப்படிக் கேட்டாலும் அதையே சொன்னார். விசாரணையிலும் அதைத்தான் சொல்லியிருக்கிறார். அதனாலேயே அவர்மேல் சந்தேகம் கூடியது. பொய் சொல்பவன்தான் மாறாமல் சொல்வான் என்று ஒரு பெரிய அதிகாரி கருதினாராம்.

சோதித்தோம். மேற்கு மேசையில் அவருடைய பெட்டி, கிழக்கு மேசையில் எங்கள் பெட்டி. காலையிலிருந்து மாலைவரை மணி, ஊசி, டோக்கன், நடை. வெயிலில் வைத்தோம். நனைத்தோம். மாரிமுத்து சுத்தியலால் தட்டினான். ஒரு டோக்கன் வெளியே இருக்கையில் இன்னொன்றை இழுத்து இழுத்து என் தோள்பட்டை வீங்கியது. பெட்டி எங்கள் கொட்டகைக்கு வந்த பெட்டிகளிலேயே உத்தமமான பெட்டி.

தலைநகரிலிருந்து தலைமைப் பொறியாளர் தொலைபேசியில் அழைத்தார். வெள்ளைக்காரர். சுதந்திரம் வந்ததும் கப்பல் ஏற இருந்தவர். போவதற்கு முன் மேசையைத் துடைத்து வைக்க நினைத்தார். அம்பலவாணர் ஆங்கிலத்தில் பேசியது எங்களுக்குக் கேட்டது. “பெட்டி இங்கே சரியாக இருக்கிறது, ஐயா… இல்லை, ஐயா. இங்கே சரியாக இருக்கிறது என்று எழுத முடியும். அங்கே சரியாக இருந்தது என்று எழுத முடியாது… நான் அங்கே இருக்கவில்லையே, ஐயா.”

தொலைபேசியை வைத்துவிட்டுக் கண்ணாடியை வெகுநேரம் துடைத்தார்.

மாரிமுத்துவுக்குப் பொறுக்கவில்லை. “சார், அந்த மனுசன் நம்மூர்க்காரரு. நல்லவரு. ஆனா பெட்டியில ஒண்ணுமே இல்லையே சார். எழுதிக் குடுத்துருங்க. நம்ம வேலையும் சேர்ந்து போவப் போவுது.”

“எழுதலாம்” என்றார் அம்பலவாணர். “எழுதினால் அந்த மனுசன்ர வாழ்க்கை முடிஞ்சுது. பிறகு இந்தப் பெட்டியைத் திரும்ப அங்க கொண்டே வைப்பினம். அதையும் யோசியும்.”

வேலிக்கு அப்பால் மாணிக்கம் நின்றுகொண்டிருந்தார். அவர் மனைவி வாழையிலையில் குவே என்ற பலகாரம் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். அவர் அதைப் பிரிக்காமலே கையில் வைத்திருந்தார்.

அந்த வாரம் பக்கத்துத் திடலில் சுதந்திர விழாவுக்கு வளைவு கட்டிக்கொண்டிருந்தார்கள். ஆ ஹோக் என்ற விளக்குக்காரர் ஒரு லாரியில் டைனமோவைக் கொண்டுவந்து நிறுத்தி, வளைவு முழுக்கச் சிவப்பும் மஞ்சளுமாகப் பல்புகளைத் தொங்கவிட்டார். பகலிலேயே ஏற்றி ஏற்றி அணைத்துப் பார்ப்பார். ஒரு பிற்பகல் நல்ல மழை பெய்து ஓய்ந்தது. திடல் முழுக்கத் தண்ணீர்.

நான் கிழக்கு மேசையில் இருந்தேன். தேநீர் குடிக்க மேற்கே போக வேண்டும். மணி அடித்தேன். பதில் மணி வந்தது. ஊசி சாய்ந்தது. டோக்கனை இழுத்தேன். வந்தது. வழக்கம்போல் கையில் பிடித்தபடி, தரையைப் பார்த்துக்கொண்டு நடந்தேன்.

பாதி வழியில் மாரிமுத்து எதிரே நின்றான். ஒரு கையில் எனக்குக் கொண்டுவந்த காப்பிக் குவளை. மறு கையில் டோக்கன்.

நான் அவன் டோக்கனைப் பார்த்தேன். அவன் என் டோக்கனைப் பார்த்தான். “அலாமா” என்றான். காப்பி என் சட்டையில் கொட்டியது. சுட்டது எனக்கு உறைக்கவில்லை.

“ஒருத்தரும் அசையக் கூடாது!”

அம்பலவாணர் குரல் உயர்ந்ததை அன்றுதான் கேட்டேன். அவர் கிழக்கு ஓரத்தில் எழுந்து நின்றார். எங்களிடம் ஓடி வரத் துடித்தார். ஆனால் அவர் கையில் டோக்கன் இல்லை. தரையின் விளிம்பில் காலைத் தூக்கி, திரும்ப வைத்துக்கொண்டார்.

“உம்மட கையில என்ன?”

“டோக்கன், சார்.”

“மாரிமுத்துவின்ர கையில?”

“இதுவும் டோக்கன்தான் சார்” என்றான் மாரிமுத்து. என் பக்கம் திரும்பினான். “நான் உனக்குக் காப்பி கொண்டார மணி அடிச்சேன் லா. நீ பதில் குடுத்த.”

“நான் பதில் குடுக்கல. நான் கேட்டேன். நீதான் பதில் குடுத்த.”

“நான் எங்க குடுத்தேன்? நான் கேட்டேன்!”

இருவரும் ஒரே நேரத்தில் கேட்டிருக்கிறோம். அவன் கேட்ட மணியை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். நான் கேட்ட மணியை அவன் சம்மதம் என்று எடுத்துக்கொண்டான். அது மனிதர்களுக்கு நேர்வதுதான். அதற்காகத்தானே பூட்டு இருக்கிறது? பொத்தானை யாரும் அழுத்தாதபோது ஊசியைச் சாய்த்தது யார்? பூட்டைத் திறந்தது யார்?

அம்பலவாணர் கிழக்குப் பெட்டியின்மேல் குனிந்தார். ஊசி இன்னும் சாய்ந்தபடி இருந்தது. யாரும் தொடவில்லை. வெளியே யாரோ, “மாத்தி! மாத்தி!” என்று கத்தினார்கள். அணை, அணை என்று அர்த்தம். திடலில் விளக்குகள் அணைந்தன. ஊசி நிமிர்ந்தது.

மறுபடி விளக்குகள் எரிந்தன. ஊசி சாய்ந்தது.

அம்பலவாணர் வாசல் வழியே ஓடினார். குடையில்லை. அவர் ஓடி நான் பார்த்ததேயில்லை, வாத்துகளும் பார்த்ததில்லை போலும், வழிவிட்டுவிட்டன. நாங்கள் இருவரும் இருந்த இடத்தில் டோக்கன்களைப் பிடித்தபடி நின்றோம். அசையக் கூடாது என்றல்லவா உத்தரவு? சன்னல் வழியே பார்த்தோம். வெள்ளையும் சள்ளையுமாய் ஒரு மனிதர் சேற்றில் ஓடி வருவதைக் கண்ட ஆ ஹோக், உரிமம் கேட்க வரும் அரசாங்க ஆள் என்று நினைத்துக் கையைக் கூப்பிவிட்டார். அம்பலவாணர், “பாசாங் லாகி!” என்று கத்தினார். திரும்ப ஏற்று. ஆ ஹோக் ஏற்றினார். “மாத்தி!” அணைத்தார். “பாசாங் லாகி!” ஒவ்வொன்றுக்கும் நான் ஊசி இருக்கும் பக்கம் கழுத்தைத் திருப்பி, “சாஞ்சிருச்சு!”, “நிமிந்துருச்சு!” என்று சன்னலை நோக்கிக் கூவினேன். ஜம்பு மரத்தடியில் நின்ற மாணிக்கம் விளக்கையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார். எங்கள் மூவருக்கும் புத்தி பேதலித்துவிட்டது என்றே அவர் முடிவு செய்ததாகப் பிற்பாடு சொன்னார்.

விஷயம் இவ்வளவுதான். டைனமோவின் ஒரு முனையை ஆ ஹோக் ஓர் இரும்புக் கம்பியில் கட்டி மண்ணில் அடித்திருந்தார். அது எங்கள் செப்புத் தகட்டுக்கு மிக அருகில் இருந்தது. மழைக்கு நனைந்த விளக்குக் கம்பியிலிருந்து மின்சாரம் ஈர மண்ணுக்குள் கசிந்து, எங்கள் தகடு வழியாக உள்ளே வந்து, யாரும் கொடுக்காத சம்மதத்தை இரண்டு பெட்டிகளுக்கும் கொடுத்தது. இரண்டு கம்பி போட்டுச் சோதித்திருந்தால் ஆயுள் முழுக்கச் சோதித்திருக்கலாம். ஒன்றும் தெரிந்திராது.

அம்பலவாணர் நனைந்த உடையோடு தொலைபேசியை எடுத்தார். மாணிக்கத்தின் ஸ்டேஷனில் அப்போது பொறுப்பில் இருந்தவரிடம் ஒரே கேள்வி கேட்டார். ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் டைனமோ ஏதும் உண்டா? உண்டு. கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலத்துக் காவல் முகாம் ஒன்று இருந்தது. அவர்களுக்குத் தேடுவிளக்குக்காகப் புதிதாக டைனமோ வந்திருந்தது. மண்ணுக்குக் கம்பி இறக்க வேண்டுமே என்று, ஏற்கனவே மண்ணில் புதைந்திருந்த ஸ்டேஷன் கம்பியிலேயே கட்டிவிட்டார்கள். ரயில்கள் எதிரெதிரே நின்ற அன்று அந்த விளக்கைப் பகலில் ஏற்றிப் பார்த்ததாகவும் சொன்னார்.

தலைமைப் பொறியாளர் நம்பவில்லை. மண் காயுமுன் மறுநாளே நேரில் வந்தார். உயரமான மனிதர். காரிலிருந்து இறங்கி நேரே மேற்கு மேசையை நோக்கி நடந்தார். அம்பலவாணர் குறுக்கே நின்றார்.

“மன்னிக்க வேண்டும், ஐயா. டோக்கன் இல்லாமல் கடக்க முடியாது.”

மாரிமுத்து கண்ணை மூடிக்கொண்டான். துரை, தரையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், எங்கள் முகத்தில் சிரிப்பில்லாததையும் பார்த்தார். என்ன நினைத்தாரோ, வாத்துகள் இருந்த வழியே சுற்றிக்கொண்டு மேற்கு மேசைக்குப் போனார். நான் வாசலில் நின்றபடியே ஆ ஹோக்குக்குக் கையசைத்தேன். விளக்குகள் எரிந்தன. அம்பலவாணர் சொன்னபடி அவரும் துரையும் ஒரே நேரத்தில் மணி அடித்து, இருவரும் ஆளுக்கொரு டோக்கனை உருவி, இருவரும் நடந்தார்கள்.

நட்ட நடுவில் முகத்துக்கு முகம் நின்றார்கள். துரையின் காது சிவந்திருந்தது. தன் கையிலிருந்ததைப் பார்த்தார். எதிராளி கையிலிருந்ததைப் பார்த்தார். அந்த இரண்டு ஓட்டுநர்களைப் போலவே அவருக்கும் பேச்சு வரவில்லை.

யாரோ ஒருவர் பின்வாங்க வேண்டும். ஒரே பாதையில் இரண்டு ரயில் நின்றால் எது பின்னால் போக வேண்டும் என்பதற்கு எங்களிடம் விதி கிடையாது. அம்பலவாணர் அசையவில்லை. மேலதிகாரிக்கு முன் அவர் அப்படி நின்று நான் பார்த்ததில்லை.

கடைசியில் துரை, “பின்னால் போக வேண்டியது நான்தான் என்று நினைக்கிறேன்” என்று மெதுவாகச் சொன்னார். திரும்பிக்கூட நடக்கவில்லை. ரயில் போவதுபோலவே, முகம் எங்களைப் பார்க்க, ஓரடி ஓரடியாகப் பின்னால் நடந்து மேற்கு மேசைக்குப் போய் டோக்கனைப் பெட்டியில் போட்டார்.

பெட்டி குற்றமற்றது, மனிதர் குற்றமற்றவர், மண்ணில் ஓடிய மின்சாரமே காரணம் என்று அம்பலவாணர் எழுதினார். துரை அங்கேயே கையெழுத்திட்டார். மண் எந்தப் பிரிவின் பொறுப்பில் வருகிறது, பாதைப் பிரிவா சமிக்ஞைப் பிரிவா என்று தலைமை அலுவலகத்தில் கிளம்பிய கேள்விக்கு நான் ஓய்வு பெறும்வரை பதில் வரவில்லை. அது வேறு.

வேலிக்குப் போய் மாணிக்கத்திடம் செய்தியைச் சொன்னவன் மாரிமுத்து. அவர் தரையில் குந்தி, அன்று வந்த வாழையிலையைப் பிரித்து, குவேயைத் தின்னத் தொடங்கினார். தின்று முடிக்கும்வரை நாங்கள் பக்கத்தில் நின்றோம்.

சுதந்திரம் வந்து சில நாள் கழித்துப் பெட்டியைத் திரும்பப் பொருத்த என்னை அனுப்பினார்கள். மாணிக்கமும் அதே லாரியில், பெட்டியின் பக்கத்திலேயே உட்கார்ந்து தம்பின்வரை வந்தார். தன்னைத் தின்னப் பார்த்த பெட்டியை மேடுபள்ளத்தில் அடிபடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ஸ்டேஷனில் நான் மண் தகட்டைக் கழற்றிவிட்டு, புதிதாக இழுத்த இரண்டாவது கம்பியை இணைத்தேன். இனி மண்ணுக்கு அதில் வேலையில்லை. முதல் ரயில் வந்து நின்றது.

மாணிக்கம் மணி அடித்தார். அடுத்த ஸ்டேஷனிலிருந்து பதில் மணி வந்தது. ஊசி சாய்ந்தது. அவர் டோக்கன்மேல் கையை வைத்தார். இழுக்கவில்லை.

எஞ்சின் ஊதியது. அவர் கை டோக்கன்மேல் அப்படியே இருந்தது. “லு தாரிக்” என்றார் என்னிடம். நீ இழு.

“நான் தொடக் கூடாது, என்சே. ஸ்டேஷன் மாஸ்டர்தான் தொடணும்” என்று மலாயில் சொன்னேன்.

எஞ்சின் மறுபடி ஊதியது. ஓட்டுநர் தலையை வெளியே நீட்டிக் கத்தினார். மாணிக்கம் கையை எடுத்துவிட்டு, தொலைபேசியைச் சுழற்றி அடுத்த ஸ்டேஷன் மாஸ்டரைக் கூப்பிட்டார்.

“இப்போது மணி அடித்தது நீதானா?”

“நான்தான்.”

“பொத்தானை அழுத்திப் பிடித்திருப்பதும் நீதானா?”

“நான்தான், மாணிக்கம். என் விரல்தான். இன்னும் அழுத்திக்கொண்டுதான் இருக்கிறேன்.”

மாணிக்கம் ஒரு கையில் தொலைபேசியை வைத்துக்கொண்டே மறு கையால் டோக்கனை இழுத்தார். வந்தது. ரயில் புறப்பட்டது.

அதன்பிறகு ஓய்வு பெறும்வரை, மணி ஒவ்வொரு முறை அடித்தபோதும் அவர் தொலைபேசியை எடுத்துக் கேட்டுவிட்டுத்தான் டோக்கனைத் தொட்டார். விதியில் அப்படி ஒன்றும் இல்லை. அந்த ஸ்டேஷனைத் தாண்டும் ரயில்கள் எல்லாம் கொஞ்சம் தாமதமாகவே போயின. புதிதாக வந்த அதிகாரிகள், பெட்டியில்தான் பழுது இருக்க வேண்டும், பாருங்கள் என்று எங்கள் கொட்டகைக்குப் புகார் அனுப்பினார்கள்.

அம்பலவாணர் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் அங்கே கண்டதைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றவில்லை.

“பிந்தட்டும் காணும்” என்றார்.